பழைய காரின் பெட்ரோல் டேங்க் ஒழுகலைச் சரிசெய்யும் முறை

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பழைய கார்களைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, பெட்ரோல் டேங்கைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பல வருடம் ஓடாமல் நின்ற காரில் டேங்க் பெரும்பாலும் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும். தரையில் சொட்டும்போதுதான் அது கண்ணில் படும். ஒரு டப்பா சீலர் வாங்கி உள்ளே ஊற்றிக் குலுக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஓட்டையை உலோகத்தால்தான் அடைக்க வேண்டும். சீலர் என்பது அடைத்து முடித்த டேங்கின் உட்புறத்தைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு, அவ்வளவுதான். இந்த வரிசையை மாற்றினால் சீக்கிரமே அதே டேங்கை மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது உரிந்த சீலரையும் சேர்த்துச் சுரண்டியாக வேண்டும்.

கீழே சொல்லியிருக்கும் முறை எந்தப் பழைய இரும்புத் தகடு டேங்குக்கும் பொருந்தும். அளவுகளை அம்பாசிடரின் 54 லிட்டர் டேங்கையும் பத்மினியின் 38 லிட்டர் டேங்கையும் மனதில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

ஓட்டை எப்படி விழுகிறது

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. பாதி காலியான டேங்க் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் துளியாகி அடியில் போய்த் தங்கிவிடும். அதனால் துரு அடித்தகட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளியே வருகிறது. வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால், உள்ளே அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தகடு மெலிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெளிப்புறத்தில் துரு பிடிக்கும் இடங்கள் இரண்டு. டேங்கைத் தாங்கும் பட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கும் ஃபெல்ட் துண்டு மழைநீரை உறிஞ்சி வருடக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் விளிம்பில் சேறு தங்கும்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். வெறும் தண்ணீரைவிட இந்தக் கலவை இரும்பை வேகமாக அரிக்கும். பழைய தக்கை (கார்க்) கேஸ்கட்டையும் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் இதே எத்தனால் கெடுக்கிறது. ஆகவே ஒழுகலைச் சரிசெய்யும்போது ரப்பர் பொருட்கள் அத்தனையையும் மாற்றிவிடுங்கள்.

ஒழுகுவது டேங்க்தானா?

கீழே சொட்டும் இடம் ஓட்டையின் இடம் அல்ல. பெட்ரோல் தகட்டை ஒட்டியே ஓடி, விளிம்பிலோ போல்ட் தலையிலோ போய்ச் சொட்டும். டேங்கின் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, சுண்ணக்கட்டிப் பொடியையோ முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரையோ மெல்லியதாகத் தூவுங்கள். ஈரம் பட்ட கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்முனையைப் பாருங்கள், ஒழுகல் அங்கேதான் தொடங்குகிறது.

டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது ஒழுகுகிறது என்பதும் துப்பு கொடுக்கும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் ஒழுகினால் மேல் விளிம்பு, பெட்ரோல் ஊற்றும் கழுத்து ஹோஸ், அல்லது பெட்ரோல் மட்டத்தை அளக்கும் கேஜ் யூனிட்டின் கேஸ்கட். வளைவில் திரும்பும்போது மட்டும் வாடை வந்தாலும் இவைதான் காரணம். எப்போதும் சொட்டினால் அடியில் இருக்கும் வடிகால் திருகு (டிரெயின் பிளக்), பெட்ரோல் வெளியேறும் குழாயை டேங்கோடு இணைக்கும் யூனியன், அல்லது அடித்தகடு. டிரெயின் பிளக்குக்கு ஒரு புதிய ஃபைபர் வாஷர் போட்டதோடு முடிந்த கேஸ்கள் நிறைய உண்டு. ஆகவே டேங்கைக் கழற்றும் முன் வாஷர், கேஸ்கட், ஹோஸ், கிளிப் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் சின்னக் கசிவுகூட காருக்குள் வாடையாகச் சேரும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வழியில் ஒழுக ஆரம்பித்தால் வீடு வந்து சேர ஒரு வழி இருக்கிறது. குளியல் சோப்பைக் கொஞ்சம் ஈரப்படுத்தி ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் நிற்கும், ஏனென்றால் சோப்பு பெட்ரோலில் கரையாது. மழையில் நனைந்தால் போய்விடும். வீடு வரும்வரைக்குத்தான் அது.

ஆபத்தைப் பற்றி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும். 45 லிட்டர் கொள்ளளவுள்ள டேங்கில் இந்தக் கீழ் வரம்பை எட்ட சுமார் 3 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். துருச் செதிலுக்கு அடியிலும் விளிம்பு மடிப்பிலும் அதைவிட அதிகம் ஒளிந்திருக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான். தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டோம், வாடை இல்லை என்பதெல்லாம் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. சூடு பட்டதும் மடிப்புக்குள் இருக்கும் மிச்சம் ஆவியாகி வரும். டீசல் அம்பாசிடரின் டேங்கும் அப்படித்தான். அறை வெப்பத்தில் டீசல் அமைதியாக இருக்கும், பற்றவைக்கும் சூட்டில் அதன் ஆவியும் வெடிக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் அடுப்பு, பூஜை விளக்கு, ஃபிரிட்ஜின் சுவிட்ச் எதுவும் அதைப் பற்றவைக்கலாம். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். வீட்டு போர்ட்டிகோ, மூடிய ஷெட், மெக்கானிக் குழி எதுவும் வேண்டாம், குழியில் ஆவி தேங்கும். 6 கிலோ உலர் பவுடர் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நைலான் துணி போட்டுக்கொள்ளாதீர்கள், நிலைமின்சாரம் பொறியாகும். பருத்தி உடுப்பு நல்லது.

பற்றவைப்பில் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கள் ஆலோசனை: கழற்றுவது, கழுவுவது, சோதிப்பது, துரு நீக்குவது, திரும்ப மாட்டுவது எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். சூடு படும் வேலையை மட்டும் டேங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் பட்டறைக்குக் கொடுங்கள். நீங்கள் கழுவிக்கொண்டு போனாலும் அவர்கள் மறுபடி நீராவியில் கழுவ வேண்டும். அதைச் செய்யாமல் நேராகத் தீ வைக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

கழற்றுவது

முந்தைய நாள் இரவே பட்டை போல்ட்டுகளுக்கும் யூனியன் நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. கேஜ் யூனிட்டுக்குப் போகும் ஒயரில் எப்போதும் கரன்ட் இருக்கலாம்.

பிறகு பெட்ரோலைக் கைப்பம்பால் உறிஞ்சி இரும்பு கேனில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் புனலும் கூடாது. கேனையும் காரின் பாடியையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் நிலைமின்சாரம் சேராது. வாயால் உறிஞ்சாதீர்கள், பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பல வருடம் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அதைத் திரும்ப காரில் ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

யூனியனைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். டேங்கில் பற்றவைத்திருக்கும் பாகத்தை ஒன்றால் அசையாமல் பிடித்து, நட்டை இன்னொன்றால் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் அடாப்டரே டேங்கிலிருந்து பிய்ந்து வரும், புதிதாக ஒரு ஒழுகல் உண்டாகும். கேஜ் யூனிட்டைப் பூட்டு வளையம் பிடித்திருந்தால் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டுங்கள், இரும்பால் தட்டினால் பொறி வரும். யூனிட்டின் மிதவையைத் தாங்கும் கம்பியை (புளோட் கை) வளைக்காமல் சாய்த்து எடுங்கள். எந்த ஒயர், எந்தக் குழாய், எந்தத் திசை என்பதை போட்டோ எடுத்து வையுங்கள்.

கீழே இருந்து டேங்கைக் கழற்றுவதானால் ஒரு ஜாக்கும் பலகையும் வைத்துத் தாங்கிக்கொண்டு பட்டையை விடுங்கள். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் அவசியம்.

கழுவுவது

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் துரு நீக்கி வேலை செய்யாது. சலவை சோடாவை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, டேங்கில் கால் பங்கு ஊற்றிக் குலுக்குங்கள். அரைமணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வையுங்கள். தண்ணீர் தெளியும்வரை, குறைந்தது மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். காஸ்டிக் சோடா பயன்படுத்தாதீர்கள். பழைய டேங்க் தகடுகளில் பலவற்றுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். அதே பூச்சு காரணமாக, டேங்கைத் தேய்க்கும் தூசியிலும் கழுவும் தண்ணீரிலும் ஈயம் இருக்கலாம். கையுறையும் மூக்குக்கு நல்ல வடிகட்டி மாஸ்க்கும் போடுங்கள். கிணற்றடியிலோ செடிக்கோ அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

செதில் செதிலாகத் துரு இருந்தால் இரண்டு மீட்டர் மெல்லிய இரும்புச் சங்கிலியைச் சோடா தண்ணீரோடு உள்ளே விட்டுக் குலுக்குங்கள். ஒரு முனையை வெளியே கம்பியில் கட்டி வைத்தால் திரும்ப எடுப்பது சுலபம். நட்டும் கூழாங்கல்லும் போடுவார்கள். டேங்குக்குள் பெட்ரோல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் போய் மாட்டிய நட்டு வெளியே வராது.

அடுத்தது துரு. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலமே போதும். லிட்டருக்கு 60 கிராம். பத்மினி டேங்குக்கு ஏறக்குறைய 2.3 கிலோ, அம்பாசிடர் டேங்குக்கு 3.2 கிலோ. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் நீர்மட்டத்துக்கு மேலே புதுத் துரு பிடிக்கும். தெரிந்த ஓட்டைகளை வெளியிலிருந்து எபாக்ஸி புட்டி வைத்துத் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளலாம். மூடியை இறுக்காதீர்கள். அமிலமும் இரும்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள், 24 மணிக்கு மேல் விடாதீர்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் அரைமணியில் பளபளக்கும் என்பது உண்மைதான். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நல்ல தகட்டையும் அரிக்கும், விளிம்பில் வைத்த ஈயத்துக்குள் புகுந்து தங்கும், எவ்வளவு அலசினாலும் மடிப்பில் மிஞ்சும் குளோரைடு பிறகு துருவை மறுபடி கிளப்பும். வேண்டாம்.

அமிலத்தைக் கொட்டியதும் லிட்டருக்கு 25 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள், நுரை அடங்கும்வரை. பிறகு நல்ல தண்ணீர். அதன் பிறகு கைவேகம் வேண்டும். சுத்தமான இரும்பு ஈரத்தில் பத்து நிமிடத்தில் செம்மஞ்சள் பூக்கும். அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உள்ளே சுழற்றி வடித்துவிட்டு, எல்லாத் திறப்பும் திறந்தபடி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஆல்கஹால் வாடை முழுக்கப் போகும்வரை ஹேர் டிரையரோ புளோயரோ பக்கத்தில் வரக் கூடாது.

அழுத்தச் சோதனை

துரு போன பிறகுதான் உண்மையான ஓட்டைகள் வெளிப்படும், ஏனென்றால் அதுவரை துருவே அவற்றை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு ஓட்டையோடு போன டேங்க் பத்து ஓட்டையோடு வந்தால் பதற வேண்டாம். முதலில் இருட்டில் ஒரு எல்.இ.டி. விளக்கை உள்ளே விட்டுப் பாருங்கள், வெளிச்சம் வரும் இடத்தையெல்லாம் குறியுங்கள். பிறகு குத்தூசியால் சுற்றிலும் அழுத்துங்கள். கை அழுத்தத்திலேயே உள்ளே போகும் இடம் தகடு இல்லாத இடம், அதையும் குறியுங்கள்.

மயிரிழை விரிசலுக்கும் விளிம்புக் கசிவுக்கும் காற்று வேண்டும். ஆனால் கம்பிரசரை நேராக மாட்டாதீர்கள். டேங்கின் பெரிய முகம் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. என்று வைத்தால், 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்திலேயே அதன் மேல் சுமார் 190 கிலோ பாரம் விழும். 5 பிஎஸ்ஐ போனால் ஒரு டன்னை நெருங்கும், டேங்க் பலூனாக உப்பி விளிம்பு கிழியும். 1 பிஎஸ்ஐ போதும், அதை அளக்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை ‘U’ எழுத்து வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டுங்கள். இரண்டு கையும் 80 செ.மீ. உயரம் இருக்கட்டும். பாதிவரை வண்ணத் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை டேங்கோடு இணையுங்கள். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் 70 செ.மீ. வந்தால் 1 பிஎஸ்ஐ. தவறிப்போய் அதிகம் அடித்தாலும் தண்ணீர் வெளியே கொட்டி அழுத்தம் இறங்கிவிடும், டேங்குக்குச் சேதம் வராது.

மற்றத் திறப்புகளை ரப்பர் கார்க்காலும் கிளிப்பாலும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழ் வரும். காற்றோட்டக் குழாயை மறக்காமல் அடையுங்கள், பலர் ஏமாறும் இடம் அது. 15 நிமிடம் நீர்மட்டம் இறங்காமல் நிற்க வேண்டும். சோதனையை நிழலில் செய்யுங்கள். டேங்கின் உள்ளே காற்று 3 டிகிரி சூடானால் மட்டும் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 10 செ.மீ. கூடும், குளிர்ந்தால் அதே அளவு குறையும். வெயிலில் வைத்த டேங்க் ஒழுகலை மறைக்கும், மேகம் மறைத்தால் இல்லாத ஒழுகலைக் காட்டும்.

ஈயம் வைப்பது

2 மி.மீ. வரையிலான ஓட்டைக்கும் விளிம்புக் கசிவுக்கும் சால்டரிங் எனப்படும் ஈயப்பற்றுதான் சரியான வைத்தியம். பல பழைய டேங்குகள் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் மூடப்பட்டவை, ஆகவே இது ஒட்டுவேலை இல்லை.

தேவையானவை: வெள்ளீயமும் ஈயமும் பாதிக்குப் பாதி கலந்த பற்றுக் கம்பி, துத்தநாகக் குளோரைடும் நவச்சாரமும் கலந்த ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காகத் தகட்டில் தடவுவது), கனமான செம்புத் தலை கொண்ட சால்டரிங் கருவி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான். ரேடியோ வேலைக்கான ரெசின் ஃபிளக்ஸ் இரும்புத் தகட்டில் ஒட்ட வைக்காது. 60 வாட் கருவியும் பயன்படாது. டேங்க் தகடு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், 200 வாட்டுக்குக் குறையாத கருவி அல்லது அரைக் கிலோ செம்புத் தலை வேண்டும். பாதிக்குப் பாதி கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி 215 டிகிரிக்கு அருகில் முழுக்க உருகும். இடையில் குழைவாக இருப்பதால் மடிப்பின் இடுக்கை நிரப்ப வசதி. 60க்கு 40 கலவை சட்டென்று ஓடிவிடும், ஊசித்துளைக்கு அது நல்லது.

செம்புத் தலையில் சுடர் இல்லையே, ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தலை 350 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் ஆவி தானாகவே பற்றிக்கொள்ளும் சூடு ஏறக்குறைய 250 முதல் 280 டிகிரி. ஆகவே கழுவிய டேங்காக இருந்தாலும் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். உலர் பனிக்கட்டி 250 கிராமைச் சிறு துண்டுகளாக உள்ளே போட்டால் சுமார் 135 லிட்டர் கரியமில வாயு வரும், 45 லிட்டர் டேங்கை மூன்று முறை நிரப்ப அது போதும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். ஒரு திறப்பாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் மூடினால் வாயு அழுத்தமே டேங்கைப் பிளக்கும். தலையைச் சூடாக்கும் அடுப்பு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், டேங்கிலிருந்து தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் ஓட்டையைச் சுற்றி 25 மி.மீ. வரை வெள்ளையாகப் பளிச்சிடும்படி தேய்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி மிஞ்சிய இடத்தில் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். அடுத்து ஃபிளக்ஸ் தடவி, சூடான தலையால் அந்த இடத்துக்கு மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். ஈரம் பரவுவதுபோல் ஈயம் தானே பரவினால் சூடு சரி, மணியாக நின்றால் தகடு இன்னும் சூடாகவில்லை. ஊசித்துளைக்கு அந்தப் பூச்சின் மேல் இன்னொரு சொட்டு வைத்தால் போதும். 2 மி.மீ.க்கு மேல் போனால் ஒட்டுத்தகடு வேண்டும்: அரை மி.மீ. வெள்ளீயம் பூசிய தகடு அல்லது பித்தளைத் தகடு, ஓட்டையைவிடச் சுற்றிலும் 20 மி.மீ. பெரியது, மூலைகள் வட்டமாக. ஒட்டுத்தகட்டின் அடிப்பக்கத்துக்கும் தனியாக ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து வைத்து அழுத்தியபடி மேலிருந்து சூடு கொடுங்கள். விளிம்பு முழுக்க ஈயம் எட்டிப் பார்த்ததும் சூட்டை எடுத்து, ஆறும்வரை அசைக்காதீர்கள். குழைவாக இருக்கும்போது அசைந்தால் ஈயம் சொரசொரப்பாக உறையும், அதன் வழியாகக் கசியும்.

வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் சோடா தண்ணீரால் கழுவுங்கள். மிஞ்சிய ஃபிளக்ஸ் காற்றின் ஈரத்தை இழுத்து, பற்றுக்குப் பக்கத்திலேயே புதிய ஓட்டை போடும்.

எப்போது தகட்டையே மாற்றுவது

உள்ளங்கை அளவு இடத்தில் நான்கைந்து துளைகள் இருந்தால் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போகாதீர்கள். நடுவில் இருக்கும் தகடு காகிதமாகிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி, 20 கேஜ் சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இங்கே வரிசை முக்கியம்: வெல்டிங்கும் பிரேசிங்கும் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) முதலில், ஈயம் கடைசியில். பிரேசிங் சூட்டில் பக்கத்து மடிப்பின் ஈயம் உருகி ஓடிவிடும். ஈயம் கலந்த இடத்தில் வெல்டிங் பிடிக்கவும் பிடிக்காது. அடித்தகடு முழுவதும் போயிருந்தால், நல்ல பட்டறையில் அதே அளவில் புது அடித்தகடு மடித்துப் போடுவது ஒட்டுப் போட்ட டேங்கைவிட நிம்மதி. மேல் தகட்டின் கழுத்தும் கேஜ் யூனிட் துளையும் பழையதாகவே இருப்பதால் காரில் சரியாக உட்காரும்.

சீலர்

ஓட்டை எல்லாம் அடைந்து, மறுபடி அழுத்தச் சோதனையில் தேறிய டேங்குக்குத்தான் சீலர். உள்ளே தகடு சுத்தமாக இருந்து, காரை அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் சீலர் இல்லாமலேயே விடலாம். உட்புறம் குழி குழியாக அரித்திருந்தால் போடுங்கள்.

எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருக்கும் எபாக்ஸி வகையை வாங்குங்கள். படகுக்குப் பயன்படும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் எத்தனாலில் இளகி, பிசினாகி கார்பரேட்டர்வரை போகும். 50 லிட்டர் டேங்கின் உட்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒட்டி நிற்பது அரை லிட்டருக்குள்தான், ஆனால் எல்லா மூலைக்கும் ஓட 1 லிட்டர் ஊற்ற வேண்டும்.

ஊற்றும் முன் கேஜ் யூனிட் துளையின் திருகு மரைகளில் கிரீஸ் தடவிய பழைய திருகுகளைப் போட்டு வையுங்கள். டேங்கை ஆறு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், குலுக்கினால் காற்றுக் குமிழ் சேரும். பிறகு மிச்சத்தை முழுக்க வடித்துவிடுங்கள். அடியில் குளமாகத் தேங்கிய சீலர் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், பிறகு தோலாக உரியும். சீலர் இறுகும் முன்பே பெட்ரோல் உறிஞ்சும் குழாய் வழியாகவும் காற்றோட்டக் குழாய் வழியாகவும் காற்று ஊதிவிடுங்கள். இதை மறந்தால் டேங்க் ஒழுகாது, ஆனால் கார் இருபது கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். காற்றோட்டம் அடைபட்டு உள்ளே வெற்றிடம் உண்டாவதுதான் காரணம், பலர் பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் சீலர் போடாதீர்கள். ஈரக் காற்றில் எபாக்ஸி மேலே பிசுபிசுப்பாகும், பாலியூரித்தேன் நுரைக்கும். டப்பாவில் நான்கு நாள் என்றால் ஏழு நாள் காயவிடுங்கள். ஒருமுறை சீலர் போட்ட டேங்கில் பிறகு சூடு வைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரும்ப மாட்டுவது

வெளிப்புறத்துக்கு எபாக்ஸி பிரைமர், மேலே கறுப்பு சேசிஸ் பெயின்ட். தார்ப் பூச்சு வேண்டாம், பெட்ரோல் பட்டால் கரையும். பட்டைக்கு அடியில் ஃபெல்ட்டுக்குப் பதில் 3 மி.மீ. நைட்ரைல் ரப்பர் வையுங்கள், தண்ணீர் ஊறாது.

கேஜ் யூனிட்டுக்கு எத்தனால் தாங்கும் வைட்டான் கேஸ்கட். சிலிகான் பசையைத் தடவாதீர்கள், பெட்ரோலில் ஊதிக் கழன்று வடிகட்டியை அடைக்கும். யூனியன் மரையில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அங்கே பெட்ரோலைத் தடுப்பது குழாயின் விரிந்த முனை, மரை இல்லை. பித்தளை புளோட்டைச் சுடுதண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழ் வந்தால் அது ஓட்டை. ஹோஸுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் ஒரு மாதத்தில் வீங்கிவிடும்.

டேங்கைப் பெயின்ட் அடித்து ரப்பரில் உட்கார வைத்தபின் கேஜ் முள் அசையாமல் இருந்தால் யூனிட்டைக் குறை சொல்ல வேண்டாம். முன்பு டேங்கின் வெற்றுத் தகடும் பட்டையும் சேர்ந்து கொடுத்த எர்த் இப்போது இல்லை. யூனிட்டின் ஒரு திருகிலிருந்து பாடிக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள்.

முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி அரைமணி பாருங்கள். பிறகு பாதி, ஓர் இரவு. அதன் பிறகு நிறைய. ஒவ்வொரு முறையும் அடியில் வெள்ளைத் தாள் விரித்து, விளிம்பையும் யூனியனையும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி போன்ற சிறு ஃபில்டரைப் போட்டு, முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறையும் 500 கிலோமீட்டரில் ஒருமுறையும் மாற்றுங்கள். அதில் சிவந்த தூள் வந்தால் துரு மிச்சம் இருக்கிறது, இன்னும் இரண்டு ஃபில்டரில் அடங்கிவிடும். தோல்போல் செதில் வந்தால் சீலர் உரிகிறது, அந்த டேங்கை உடனே கழற்றுங்கள்.